சாலை முடிந்த இடத்தில்

நுழையும்முன்

விபத்து நேர்ந்தவுடன் தொலைபேசியை எடுக்கிறோம். சிறிது நேரத்தில் அவசர ஊர்தி வந்து நிற்கிறது. தொலைபேசி இயங்காத, ஊர்தி நுழைய இயலாத இடங்களில் நாள்தோறும் பணியாற்றுவோர் என்ன செய்வர்? அடர்காட்டிலும் மலைச்சரிவிலும் உழைப்போருக்கென உருவான முதலுதவிப் பயிற்சியைப் பற்றியது இக்கட்டுரை.

நகரத்தில் முதலுதவி என்பது சில நிமிடங்களுக்கான பணி. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 108 அவசர ஊர்திச் சேவையை அழைத்துவிட்டால், காயமுற்றவரைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் விரைவில் ஒப்படைத்துவிடலாம். நாம் படித்த முதலுதவிப் பாடங்கள் இந்த ஒப்படைப்பை நம்பியே எழுதப்பட்டவை. குருதிப்போக்கை நிறுத்துக, எலும்பு முறிந்த இடத்தை அசைக்காதீர், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க என அவை முடியும். மருத்துவமனை 11 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, இடையில் இரண்டு ஓடைகளும் ஒரு யானை வழித்தடமும் இருக்கின்றன, பொழுது சாய்கிறது. அப்போது ‘உடனே’ என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? வழக்கமான பாடம் முடியும் அந்த வரியிலிருந்துதான் வனவெளி முதலுதவி தொடங்குகிறது.

இக்கேள்வி யாருக்கு எழுகிறது என்பதை முதலில் காண்போம். ஆனைமலையிலும் முதுமலையிலும் காட்டின் உட்பகுதிகளில் வேட்டைத் தடுப்பு முகாம்கள் உள்ளன. சுற்றிலும் யானைத் தடுப்பு அகழி வெட்டப்பட்ட சிறு கட்டடங்கள் அவை. அங்குத் தங்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நாள்தோறும் கால்நடையாகவே காட்டைச் சுற்றி வருகின்றனர். அவர்களுள் பலர் காடர், மலசர், இருளர், குறும்பர் முதலிய பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை. கம்பியில்லாக் கருவியே துணை. தேன் எடுப்போர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர், மலைமேல் மின்கம்பி பழுதுபார்ப்போர், காட்டுயிர் ஆய்வாளர் ஆகியோரும் ஏறத்தாழ இதே நிலையில் இருப்பவர்களே.

முதலுதவிப் பயிற்சியே தொடக்கத்தில் உழைப்பாளருக்கான கல்வியாகத்தான் பரவியது. 1877இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற புனித ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் சுரங்கத் தொழிலாளருக்கும் இருப்புப்பாதைத் தொழிலாளருக்கும் காவலர்களுக்கும் முதலுதவி கற்பித்தது. அவர்கள் பணிசெய்த இடங்களில் மருத்துவர் அருகில் இல்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1970களில், அமெரிக்காவின் மலைப்பகுதிகளில் மீட்புப் பணி செய்தோர் வேறொரு குறையைக் கண்டனர். நகரச் சாலைகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட முதலுதவி, உதவி வந்துசேர ஒரு மணி நேரத்திற்கு மேலாகும் இடங்களில் போதவில்லை. அங்கிருந்தே வனவெளி முதலுதவி தனிப் பாடமாக வளர்ந்தது. இன்று இதன் அடிப்படைப் பயிற்சி பொதுவாக 16 மணி நேரம், அதாவது இரண்டு நாள் நடைபெறுகிறது. வழிகாட்டிகளுக்கும் மீட்புக் குழுவினருக்கும் உரிய விரிவான பயிற்சி 70 முதல் 80 மணி நேரம் வரை நீள்கிறது. பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே, மண்ணிலும் பாறையிலும் மழையிலும் கற்பிக்கப்படும்.

பயிற்சிக் களம்

அத்தகைய பயிற்சி ஒன்றை மனக்கண்ணில் காண்போம். ஓடைக்கரையில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். பாறையில் வழுக்கிய காவலராக அவர் நடிக்கிறார். முழங்காலுக்குக் கீழே கால் முறிந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். முன்கையில் சிவப்புச் சாயம் வழிகிறது. கற்போர் மூவர். பயிற்றுநர் கைகாட்டியவுடன் மூவரும் ஓடுகின்றனர். உடனே அவர் தடுத்து நிறுத்துகிறார். முதல் பாடமே ஓடாதிருப்பதுதான்!

ஏன் விழுந்தார்? பாறை இன்னும் வழுக்குகிறதா? மேலே தேன்கூடு கலைந்திருக்கிறதா? துரத்திய விலங்கு புதருக்குள் நிற்கிறதா? உதவச் சென்றவரும் காயமுற்றால் தூக்கிச் செல்ல வேண்டியவர் இருவராகிவிடுவர். தூக்குவோரில் ஒருவர் குறைந்துவிடுவார். சூழலை உறுதி செய்த பிறகே அருகில் செல்லலாம். அதன்பின் உயிருக்கு உடனடி இடர் எது என்று பார்க்க வேண்டும். பெருகும் குருதி, அடைபட்ட மூச்சுவழி, நின்றுபோன மூச்சு ஆகியவை நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். அவற்றுக்குத் தீர்வு கண்டபின்தான் மற்றவை.

பயிற்சியின் அடுத்த பகுதி வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டக்கூடியது. ஆயினும் என் நோக்கில் இதுவே அதன் உயிர்நாடி. கற்போருள் ஒருவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்க்கிறார். வலி எங்கே, வீக்கம் எங்கே, விரல்நுனி சிவந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா? இன்னொருவர் பேச்சுக் கொடுக்கிறார். “அண்ணா, அசையாம இருங்க. எப்படி விழுந்தீங்க? தலையில அடிபட்டுச்சா? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?” மூன்றாமவர் கையில் ஒரு சிறு குறிப்பேடு. மணி 3.10. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 92, மூச்சு 20, தன்னினைவு தெளிவு. அவர் அதோடு நிறுத்தவில்லை. கால்மணி கழித்து மீண்டும் எண்ணுகிறார், மீண்டும் எழுதுகிறார்.

ஒருமுறை எண்ணிய நாடி, அந்நொடியின் நிலையை மட்டுமே சொல்லும். அடுத்தடுத்து எண்ணிய நாடி, நோயாளி எத்திசையில் செல்கிறார் என்பதைச் சொல்லும். 92 என்பது வலியாலும் அச்சத்தாலும் வந்திருக்கலாம். அமைதிப்படுத்தியபின் அது 84ஆகக் குறைந்தால் ஆறுதல் கொள்ளலாம். மாறாக 104, 116 என ஏறி, தோல் குளிர்ந்து, பேச்சும் குழம்பினால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குருதி கசிகிறது என்று ஐயுற வேண்டும். நகரத்தில் இவ்வாறு காத்திருந்து காண வாய்ப்பில்லை, தேவையும் இல்லை. காட்டிலோ முதலுதவி செய்பவரிடம் கருவிகள் குறைவு, நேரம் மிகுதி. அந்நேரத்தைப் பயனுள்ளதாக்கும் கலையையே குறிப்பேடு கற்பிக்கிறது. நோயாளி சொன்னது, நாம் கண்டது, நமது கணிப்பு, அடுத்துச் செய்யவிருப்பது என்னும் நான்கு பகுதிகளாகக் குறிப்பு எழுதப் பழக்குகின்றனர்.

முறிந்த காலுக்கு வருவோம். மூங்கில் தப்பைகள் இரண்டு, மடித்த போர்வை, கிழித்த துண்டு ஆகியவையே போதும். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதவாறு கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்பும் பின்பும் கால்விரல்களில் குருதியோட்டமும் உணர்வும் அசைவும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். காட்டில் பல மணி நேரம் நீடிக்கும் கட்டு என்பதால் வீக்கம் கூடும்போது அதுவே இறுக்கும் தளையாகிவிடலாம். ஆகவே அவ்வப்போது தளர்த்திப் பார்ப்பதும் பயிற்சியின் ஒரு கூறு.

ஒரே துணி, இரு கட்டுகள்

பயிற்சிக்கு வரும் காட்டுப்பகுதி மக்கள் வெறுங்கையோடு வருவதில்லை. எந்தக் கொடி பாரம் தாங்கும், எத்திசையில் நீர் கிடைக்கும், யானை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பயிற்றுநரைவிட அவர்களே நன்கறிவர். அந்த அறிவின்மீதுதான் பயிற்சியை எழுப்ப வேண்டும். எனினும், கைவிட வேண்டிய பழக்கங்கள் சிலவும் உண்டு. அவற்றுள் தலையாயது, காட்டில் மட்டுமன்றி நாடெங்கும் வேரூன்றியது, பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டும் பழக்கம்.

கையிலோ காலிலோ ஆழ்ந்த வெட்டுப்பட்டுக் குருதி பீறிடும்போது அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லையென்றால், காயத்திற்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அக்கட்டு உயிரைக் காக்கும். அதே துணியால் பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டினால், குருதியோட்டம் தடைபட்டுத் திசுக்கள் அழியும். விரியன் கடியில் நஞ்சு ஓரிடத்தில் தேங்கி அழிவைப் பெருக்கும். மருத்துவமனையில் திடீரென அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு உடலெங்கும் ஒருசேரப் பாயவும் கூடும். கட்டு ஒன்றே, ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் கேடு. கடிவாயைக் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் பயனற்றவை. புண்ணையும் தொற்றையும் மட்டுமே தருபவை.

செய்ய வேண்டியவை எளியவை. கடிபட்டவரை அமைதிப்படுத்தி உடனே படுக்கவைக்க வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு, காலணி ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்ததுபோலவே தப்பை வைத்து, இறுக்காமல், அசைவற்றதாக்க வேண்டும். தசை அசையும்போது நஞ்சு விரைந்து பரவும் என்பதால் கடிபட்டவர் நடக்கக்கூடாது. பிறர்தாம் தூக்கிச் செல்ல வேண்டும். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் தோலிலேயே கோடிட்டு, அருகில் நேரத்தை எழுதலாம். அந்தக் கோடுகள் மருத்துவருக்கு ஒரு வரைபடம். பாம்பைத் தேடிப்போய் அடிப்பது இரண்டாவது கடிக்கே வழிவகுக்கும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும் இப்பாம்பின் பல் பதிந்த இடம் பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதும் இல்லை. விடியற்காலையில் வயிற்றுவலியோடு விழிப்பவரின் இமைகள் தாழத் தொடங்குகின்றன, பேச்சு குழறுகிறது, விழுங்க இயலவில்லை. பேய் அடித்ததெனக் கருதி நேரத்தை இழந்தோர் பலர். இந்நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சுத்தசைகளை முடக்குகிறது. இதயமோ இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் ஒருவர் மாற்றி ஒருவர் வாயோடு வாய்வைத்து மூச்சளித்துக்கொண்டே சென்றால், மருத்துவமனையின் செயற்கைச் சுவாசக் கருவியை அடையும்வரை உயிரைத் தக்கவைக்க இயலும். அசைவற்றுக் கிடப்பவர் பேச முடியாவிட்டாலும் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தெரிந்துதெளிவோம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், உயிரிழந்திருக்கலாம் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் பாம்புக்கடி நச்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு நச்சுமுறி மருந்து தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சை அளிப்பதில், 1978இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பெரும்பங்கு வகிக்கிறது. பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான இருளர் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோர் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் குழிவிரியன்களின் நஞ்சு அந்த மருந்துத் தயாரிப்பில் இடம்பெறவில்லை. ஆகவே தொலைவிலிருந்து எடுத்த ஒரு நிழற்படம்கூட மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

நெருப்பும் குளிரும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் மலையேற்றம் சென்றிருந்தோர் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்பு இரவிலும் தொடர்ந்து மறுநாள்வரை நீண்டது. செங்குத்தான சரிவு, இருள், தூக்கிவர ஆள்பலம் ஆகிய மூன்றும் எவ்வளவு பெரிய தடைகள் என்பதை அந்த இரவு காட்டியது.

தீக்காயத்திற்கு முதல் மருந்து தூய்மையான குளிர்ந்த நீர். ஏறத்தாழ 20 நிமிடம் ஊற்ற வேண்டும். மையோ பற்பசையோ மாவோ பூசக்கூடாது. ஆனால், உடலின் பெரும்பகுதி வெந்தவர்மீது மலையின் இரவுக் குளிரில் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். காயத்தைக் குளிர்வி, மனிதரைக் குளிரவிடாதே என்று இதைச் சுருங்கச் சொல்லலாம். உதகையின் மழைக்காலச் சோலைகளில் நனைந்த உடையோடு நடப்போருக்கும் இவ்விடர் உண்டு. நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடேறாமலே நடுக்கம் நின்று உளறத் தொடங்கினால் அது தேறியதற்கு அறிகுறியன்று, சீர்கெட்டதற்கு அறிகுறி. ஈர உடையைக் களைந்து, தரையின் குளிர் ஏறாதவாறு சருகையோ பாயையோ பரப்பி, போர்வையால் சுற்றி, மென்மையாகக் கையாள வேண்டும். கோடைக்காட்டில் வெப்பத்தாக்கால் நிலைதடுமாறியவருக்கோ இதற்கு நேர்மாறு. அவரைத் தூக்கிச் செல்வதற்கு முன்பே நீரூற்றி விசிறிக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

புண்ணைக் கழுவுதலும் இங்கு முதன்மை பெறுகிறது. நகரத்தில் அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மறுநாள்தான் மருத்துவரைக் காண இயலும் என்றால் கிருமி அதுவரை காத்திருக்காது. நெகிழிப்பையில் குடிநீரை நிரப்பி, முனையில் சிறு துளையிட்டுப் பிதுக்கினால் பீய்ச்சும் தாரை கிடைக்கும். குடிக்கத் தகாத நீர் கழுவவும் தகாது.

தூக்குவதா, தங்குவதா?

ஓடைக்கரைக்குத் திரும்புவோம். மணி 4.30. கைக்காயத்தில் குருதி நின்றுவிட்டது. காலுக்குத் தப்பை கட்டியாயிற்று. நாடித்துடிப்பு 84. இப்போது மூவரும் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

மலையூர்களில் நோயாளியைப் போர்வையில் கிடத்தி, மூங்கில் கழியில் கட்டித் தோளில் சுமக்கும் வழக்கம் உண்டு. ‘டோலி கட்டுதல்’ என்பர். சாலையற்ற ஊர்களில் கருவுற்ற பெண்களையும் முதியோரையும் இன்றும் இவ்வாறே சுமந்து வருவது நாம் செய்தித்தாள்களில் காணும் ஒன்று. பாறைகள் நிறைந்த பாதையில் ஒருவரைச் சுமக்க ஆறு பேர் வேண்டும். அவர்கள் களைத்தால் மாற்ற இன்னும் ஆறு பேராவது வேண்டும். இங்கே இருப்பவர் மூவர். கம்பியில்லாக் கருவி இந்தப் பள்ளத்தில் இயங்கவில்லை. மேட்டில் ஏறினால் இயங்கும்.

இளையவர் ஒருவர் இப்போதே தூக்கிவிடலாம் என்கிறார். பயிற்றுநர் மறுமொழி சொல்லாமல் இரு கேள்விகளை மட்டும் கேட்கிறார். இரவுக்குள் இவரைக் கொண்டு சேர்க்காவிட்டால் இவருக்கு என்ன கேடு நேரும்? இரவில் கொண்டு சென்றால் இவருக்கும் உங்களுக்கும் என்ன கேடு நேரும்? காயமுற்றவர் பாம்பு கடித்தவராக இருந்திருந்தால், அல்லது நாடி 116ஆக ஏறியிருந்தால், காத்திருத்தலே பெருங்கேடு. இருட்டானாலும் புறப்பட வேண்டியதுதான். ஆனால் இவருக்கோ காலில் குருதியோட்டம் இருக்கிறது. நினைவு தெளிவாக இருக்கிறது. குறிப்பேட்டில் எண்கள் இறங்குமுகமாக உள்ளன.

மூவரும் குறிப்பேட்டை மீண்டும் ஒருமுறை படிக்கின்றனர். ஒருவர் ஓடையை விட்டு விலகி, யானைத் தடம் படாத பாறைத் திட்டு ஒன்றைத் தேர்ந்து தீ மூட்டுகிறார். மற்றவர் ஒரு துண்டுத்தாளில் இடம், காயம், தேவைப்படும் ஆள்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறார். வாய்மொழியாகச் சொல்லும் செய்தி மூன்று வாய் மாறுவதற்குள் கால்முறிவு கைமுறிவாகிவிடும் என்பது காட்டில் வேலை செய்தோர் அறிந்ததுதான். மூன்றாமவர் காயமுற்றவரின் அருகிலேயே அமர்கிறார்.

அன்றிரவு அவர் செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டால் அவை மருத்துவமாகவே தோன்றா. இரண்டு மணிக்கொருமுறை கட்டைத் தளர்த்தி, விரல்நுனியை அழுத்தி, நிறம் திரும்புகிறதா எனப் பார்க்கிறார். சிறிது சிறிதாக நீர் கொடுக்கிறார். ஒருபுறமாகவே படுத்திருப்பதால் தோல் புண்ணாகாதவாறு இடம் மாற்றுகிறார். சிறுநீர் கழிக்க உதவுகிறார். தீ அணையாமல் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொன்றையும் நேரமிட்டு எழுதுகிறார்.

விடியற்காலையில் முகாமிலிருந்து பன்னிரண்டு பேர் டோலியோடு வந்து சேர்கின்றனர். முற்பகலில் சாலையில் காத்திருக்கும் ஊர்தியில் காயமுற்றவரை ஏற்றும்போது, மடித்த நான்கு பக்கங்களை அவருடைய சட்டைப்பையில் வைத்து ஊசியால் குத்திவிடுகின்றனர். மருத்துவமனையில் பணியிலிருக்கும் மருத்துவர் தப்பையை அவிழ்ப்பதற்கு முன் அந்தப் பக்கங்களை விரிக்கிறார். முதல் வரி, மணி 3.10.